பதினொன்றே முக்கால் வரை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடிகிற சமாசாரமாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்கப்போகிறவர்கள் நீங்கள். நானும் முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன். கருவிகளைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் பழகிய பெட்டிகளைப் பழைய இரும்புக்காரன்கூட இன்று யோசித்துத்தான் தூக்குவான்.

நான் சொல்ல வந்தது தனியாக இருப்பதைப் பற்றி. பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். தப்பு செய்தாலும் பார்க்க ஆள் இல்லை, நல்லது செய்தாலும் பார்க்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் தன்னைப் பற்றி எதைத் தெரிந்துகொள்வான் என்பதை நான் இருபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது நல்ல செய்தி இல்லை.

மலைநாட்டில், பட்டிப்பொல ரயில் நிலையத்திலிருந்து மேலே ஒன்றரை மைல் நடந்தால், காட்டோரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம் அப்போது இருந்தது. ஊர்க்காரர்கள் ‘வயர்லஸ் காம்பரா’ என்பார்கள், வயர்லஸ் அறை என்று அர்த்தம். கடலை விட்டு இவ்வளவு உயரத்தில் ஏறி நின்றுகொண்டு கடலைக் கேட்பதா என்று சிரிக்க வேண்டாம். ஊர் இரைச்சல் இல்லாத உயரத்தில்தான் தூரத்துச் சத்தம் சுத்தமாக விழும். ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் கூப்பிடுகின்றனவா என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு வரி பதிவேட்டில் எழுத வேண்டும். கேட்டால் கேட்டதை எழுத வேண்டும், கேட்காவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுத வேண்டும். நான் அங்கே இருந்த காலத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதியதாக ஞாபகம் இல்லை, அந்த ஒரு இரவைத் தவிர.

இரண்டு பேர் மாறி மாறி வேலை பார்த்தோம். மற்றவர் ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற முறையில் ‘நானா’ என்று கூப்பிடுவேன். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், கற்றுக்கொடுக்கக் கூடாததையும் சேர்த்து.

அந்தக் குளிரை நீங்கள் அனுபவித்திருந்தால்தான் புரியும். தை மாதத்தில் விடியற்காலை வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். விரல்கள் பேனாவைப் பிடிக்காது. பிடித்தாலும் எழுத்து கோணல்மாணலாக ஓடும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால், “இது என்ன, கோழி கிளறினதா?” என்பார். அதனால் நானா ஒரு வழி வைத்திருந்தார். மணிக்கு ஒரு தரம் கரியடுப்பில் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கை சூடாக இருக்கும்போதே, வரப்போகும் மூன்று கால் மணிகளுக்கும் சேர்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட வேண்டும்.

“கை சூடா ஈக்கிற நேரத்துலயே எழுதிப் போடு தம்பி,” என்றார் முதல் வாரத்திலேயே.

“ஏதாச்சும் கேட்டுச்சுன்னா என்னா செய்றது நானா?”

“ஆறு வருசமா ஈக்கிறன். ஒன்டும் கேக்கல்ல. கேட்டா வெட்டிப் போட்டு எழுது.”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. குளிர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வைகாசியில் காற்றும் மழையும் மட்டும்தான், மை உறைகிற குளிர் இல்லை. அப்போதும் நாங்கள் மணிக்கு மூன்று வரி முன்கூட்டியே எழுதிக்கொண்டுதான் இருந்தோம். சோம்பல் ஒரு காரணம் கிடைத்தால் போதும், காரணம் போன பிறகும் தான் போகாது.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். நான் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டத்தில், தோட்டத்து ஆட்களான எங்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை போய்விட்டது. நாங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். அந்த நிலையில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்ததே அதிசயம். கொழும்பிலிருந்து யாரும் அந்தக் குளிருக்கு வர மாட்டேன் என்றதால், ஆங்கிலமும் மோர்ஸும் தெரிந்த என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் பெயரில் ஒரே ஒரு கரும்புள்ளி விழுந்தால் போதும், வேலையும் போகும், விண்ணப்பமும் போகும். அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். நான் லீவில் போகும்போதெல்லாம் லயத்து வாசலில் வைத்துச் சொல்வார், “இந்த லயத்துல காலையில பெரட்டுக்குப் போய் நிக்காத மொத ஆளு நீதான். கெடுத்துக்கிறாத.” பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே திரும்பப் போய் நிற்பதை நினைக்கவும் எனக்குப் பயம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா தனித்தனி ஆட்களாக விண்வெளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் வந்திருக்கும். ஆளை ஒரு சின்னக் கூட்டுக்குள் அடைத்து மேலே அனுப்புவார்கள். அவர் பூமியை இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டுப் பாராசூட்டில் கடலில் வந்து விழுவார். கப்பல்களும் விமானங்களும் போய் அவரைத் தூக்கி எடுக்கும். அவர் விழ வேண்டிய இடம் அவர்களுடைய பக்கத்துக் கடல். ஆனால் நடுவழியில் ஏதாவது கோளாறு வந்தால் நம்முடைய இந்துமகா சமுத்திரத்திலும் விழலாம். அதனால் வழியிலிருந்த நாடுகளிடம் காது கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். எங்கள் காம்பராவுக்கும் ஒரு தாள் வந்தது. கடலில் விழுந்ததும் அவருடைய கூடு தானாக ஒரு சத்தம் அனுப்பும், அது இப்படி விட்டுவிட்டு ஒலிக்கும் என்று அதில் எழுதியிருந்தது. கேட்டால் ஒரு விநாடியும் தாமதிக்காமல் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அன்றைய பதிவேட்டுப் பக்கத்தைக் கிழித்துக் காலை ரயிலில் அனுப்ப வேண்டும்.

வைகாசியில் அப்படி ஒருவர் மேலே போன அன்றைக்கு நானா இல்லை. தங்கைக்குக் கல்யாணம் என்று ஹட்டனுக்குப் போயிருந்தார். இரண்டு பேர் வேலையையும் நானே பார்த்தேன். அமெரிக்காவில் நடுப்பகல் என்றால் இங்கே இரவு. வெளியே மூடுபனி சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. தகரக் கூரையைக் காற்று பிடுங்கப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டியில் வெளிநாட்டு ஆங்கிலச் செய்தியை மெல்லிய சத்தத்தில் வைத்திருந்தேன். மேலே ஒருவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது. அன்று காலையிலிருந்து நான் ஒரு மனிதரோடும் பேசியிருக்கவில்லை.

பத்து மணிபோல கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஆள் நம் கடலைக் கடைசி முறையாகத் தாண்டிவிட்டார், இனி அவர்கள் பக்கத்தில் இறங்கிவிடுவார், ஆனாலும் நள்ளிரவு வரை கேட்டுக்கொண்டிரும் என்றார்கள். எனக்கு அலுப்பு வந்துவிட்டது. உலகத்தின் அந்தக் கோடியில் இறங்கப்போகிறவருக்கு இந்தக் கோடியில் நான் எதற்கு? பதினொரு மணிக்குக் கரியடுப்பில் கையைச் சூடாக்கிக்கொண்டேன். பதினொன்றே கால், பதினொன்றரை, பதினொன்றே முக்கால் மூன்றுக்கும் வழக்கம்போல ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி வைத்தேன். எழுத்து முத்து முத்தாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் செய்தி சொல்கிறவரின் குரல் மாறியது. கூடு கீழே இறங்கியிருக்க வேண்டும், ஆனால் அதிலிருந்து ஒரு தகவலும் இல்லை என்றார். குறித்த இடத்தில் அது விழவில்லை, எங்கே என்று தெரியவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதினொன்று இருபதுக்கு எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லியதாக, விட்டுவிட்டு வந்தது. பக்கத்துப் பெட்டியை அணைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். தாளில் எழுதியிருந்த அதே இடைவெளி. “ஐயோ, இருக்காருடா,” என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த அறையில் அதைக் கேட்க ஆள் இல்லை.

தொலைபேசியைச் சுற்றினேன். நுவரெலியா எக்ஸ்சேஞ்சில் இரவு வேலைக்கு ஒரு மிஸ் இருப்பார். முகம் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும்.

“என்ன தம்பி, இன்னும் முழிச்சிட்டு இருக்கீங்களா? கொழும்பு வேணுமா?”

அப்போதுதான் என் கண் பதிவேட்டின் மேல் போனது. மணி பதினொன்று இருபத்திரண்டு. பதினொன்றரைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. பதினொன்றே முக்காலுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சொன்னால், பக்கத்தைக் கையோடு வாசிக்கச் சொல்வார்கள். காலையில் ரயிலில் அது கொழும்புக்குப் போகும். இன்னும் வராத நேரத்துக்கு எழுதிய வரிகளை எந்த முகத்தோடு வாசிப்பது? அதிலே வெட்டி எழுதினால், ஏன் வெட்டினாய், எப்போது எழுதினாய் என்று கேட்பார்கள். பதிவேட்டில் பொய் எழுதியவனுக்கு நம் துறையில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தற்காலிகக்காரனுக்கு அதைவிடச் சுருக்கமாக முடியும்.

“தம்பி?”

“இல்லீங்க மிஸ். லைன் வேல செய்யுதான்னு பாத்தேன்.”

“நல்லா செய்யுது. கொழும்பு இப்ப சும்மாதான் இருக்கு. போடவா?”

“வேணாங்க மிஸ். அப்புறம் எடுக்கிறேன்.”

வைத்துவிட்டேன். பயத்தில் கை தானாகச் செய்தது என்று இதுவரை சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். முன்கூட்டி எழுதிய கடைசி வரி பதினொன்றே முக்கால். அந்த நேரம் தாண்டிவிட்டால், எழுதியதெல்லாம் கடந்துபோன நேரமாகிவிடும். அப்புறம் வெட்டி எழுதினால், முதலில் சந்தேகத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினான், பிறகு தெளிந்து திருத்தினான் என்றுதான் தோன்றும். இன்னும் இருபத்து மூன்று நிமிடம் பொறுத்தால் என் தலை தப்பிவிடும்.

பொறுத்தேன். ஹெட்போனைக் கழற்றவும் மனமில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூடுதான் தானாகக் கூப்பிடுகிறது, அவரில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அவர்தான் கூப்பிட்டார். தண்ணீர் நடுவே ஒரு மனிதன், சுற்றிலும் கரை கிடையாது. தன்னை யாராவது கேட்டார்களா என்று அவருக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க,” என்று அவரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பதினொன்று முப்பத்தைந்துக்குச் சத்தம் நின்றது. எவ்வளவு திருகிப் பார்த்தும் திரும்ப வரவில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதாவது தொலைபேசியை எடுத்தேனா? இல்லை. இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

பதினொன்றே முக்கால் தாண்டி ஒரு நிமிடத்தில், இரண்டு வரிகளையும் வெட்டித் திருத்தினேன். மிஸ்ஸைக் கூப்பிட்டேன். கொழும்பில் எடுத்தவர் யாழ்ப்பாணத்து அதிகாரி. கறாரான ஆள்.

“எத்தினை மணிக்குக் கேட்டனீர்?”

“பதினொன்னு இருபதுக்குங்க ஐயா. முப்பத்தஞ்சுக்கு நின்னுருச்சுங்க.”

“இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தனீர்?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தும் நான் பதில் தயாரித்து வைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“உறுதிப்படுத்திக்கிட்டு இருந்தேங்க ஐயா.”

பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “ம்,” என்றார். “பக்கத்தைக் காலமை ரயிலிலை அனுப்பும்.” அவ்வளவுதான்.

விடியும்வரை நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. செய்திப் பெட்டியைத் திரும்பப் போடவும் தைரியம் வரவில்லை. காலையில் பக்கத்தை உறையில் போட்டுக்கொண்டு மழையில் ஸ்டேசனுக்கு இறங்கினேன். ரயில் பாதையில் வேலை செய்கிறவர்கள் தேத்தண்ணிக் கடையில் நின்றிருந்தார்கள். கடைக்காரரின் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது.

“கெடச்சிட்டாருப்பா,” என்றார் ஒருவர் என்னைப் பார்த்து. “எங்கயோ தள்ளிப் போயி விழுந்துட்டாராம். ரப்பர் தோணியில ஏறித் தனியா உக்காந்திருந்தாராம். பிளேன்காரன் பாத்திருக்கான்.”

“நடுக் கடல்ல தனியாவா? நம்மளால ஆகாதுப்பா,” என்றார் இன்னொருவர்.

நான் உறையை ரயில் கார்டிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அவர் பிழைத்ததற்கு நான் காரணமில்லை என்பதும் அந்த அழுகையில் இருந்தது.

நானா மறுநாள் வந்தார். பதிவேட்டில் கார்பன் நகல் இருந்தது. ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டார்.

“முந்தியே எழுதினதா?”

“ஆமா நானா.”

“அந்த நேரம் போகுமட்டும் காத்துக்கொண்டா ஈந்த?”

அவர் நகலை மூடி வைத்தார். “நான் ஒன்டும் கேக்கல்ல, நீ ஒன்டும் செல்லல்ல. வெளங்கினா? ரெண்டு பேருட சோறு.” அன்றைக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு வரிகூட முன்கூட்டி எழுதவில்லை. அவர் சாப்பாட்டுக் கேரியரில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவது நின்றுபோனது. வேலை மாறும்போது என்ன கேட்டது, எப்போது கேட்டது என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லாமல் போனது. வருடம் முடியும் முன் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மலையில் எனக்கு இருந்த ஒரே துணை அவர்தான்.

தண்டனை வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். வந்தது ஒரு பாராட்டுக் கடிதம். தனியாக இருந்த நிலையிலும் பதற்றப்படாமல், திரும்பத் திரும்பச் சோதித்து, தன் பதிவையே திருத்தி, உறுதியான பின் தெரிவித்த நிதானம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தால் வேலை நிரந்தரமானது. பிரஜாவுரிமை விசாரணையிலும் அதைத்தான் காட்டினேன். அப்பா அதைக் கண்ணாடி போட்டு லயத்துச் சுவரில் மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எம்புள்ள காது அமெரிக்கா வரைக்கும் கேக்கும்,” என்பார். அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணம் கட்டிய பெண்ணிடமும் சொல்லவில்லை. நல்ல பேரோடு இருப்பதில் ஒரு தனிமை உண்டு. அதற்கு மருந்து கிடையாது.

உங்கள் பயிற்சி வகுப்பில் இப்போதும் அந்தப் பக்கத்தின் படியைக் காட்டி, இரண்டு வெட்டுகளையும் சுட்டி, நிதானம் என்றால் இதுதான் என்று சொல்லித் தருகிறார்களாம். போன மாதம்தான் ஒரு பிள்ளை வந்து பெருமையாகச் சொன்னது. அதனால்தான் எழுதச் சம்மதித்தேன். அந்தப் பாடத்தை நிறுத்துங்கள். கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட மாதிரி சொல்லுங்கள். வெட்கப்பட்டாவது சொல்லுங்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்திருக்கவே முடியாது என்று பிற்காலத்தில் ஒரு இன்ஜினியர் சொன்னார். இன்னொருவர், சில இரவுகளில் வரும் என்றார். அவர்கள் சண்டையில் எனக்கு வேலை இல்லை. அந்த இரவில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முதல் நிமிடத்திலேயே அது அவர்தான் என்று நம்பினேன். உலகம் முழுவதும் ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று தவித்துக்கொண்டிருந்தபோது, இருக்கிறான் என்று நம்பியவன் நான் ஒருவன்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.